மீன் தொட்டியில் வற்றுவதும் தங்குவதும்

வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைத் திண்டுக்கல்லில் அறியாதவர் யார்? ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு அது. தோல் பதனிடும் உப்பு நிலத்தடியில் இறங்கிய பகுதிகளில் இன்னும் அதிகம். பானை கற்பித்த இப்பாடத்தை மீன் தொட்டியில் மறந்துவிட்டேன்.

எங்கள் தொட்டிக்குக் கீழே 'சம்ப்' என்னும் வடிகட்டும் தொட்டி உண்டு (தரைக்கடியில் இருக்கும் சம்ப் அன்று!). மேலிருந்து வழியும் நீர் இதில் இறங்கி, பஞ்சில் வடிந்து, மோட்டாரால் மீண்டும் மேலேறும். ஆகவே நீர் ஆவியாவது மேலே தெரியாது. சம்பில்தான் மட்டம் இறங்கும். குறையக் குறைய ஊற்றிவந்தேன். "தெனமும் புதுத் தண்ணிதானே ஊத்துறே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்றார் அப்பத்தா. சரியென்றே பட்டது. சில மாதங்களுக்குப் பின் புதிதாக விட்ட மூன்று மீன்களும் மறுநாளே இறந்தன. பழையவை மெல்ல மெல்ல உப்புக்குப் பழகியிருந்தன.

கணக்கைப் பாருங்கள். சம்போடு சேர்த்து 100 லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் உப்பு என்று கொள்வோம். வாரம் 5 லிட்டர் ஆவியானால் நீர் மட்டுமே போகிறது. ஈடாக ஊற்றுவதோ 5 கிராம் உப்பைக் கொண்டுவருகிறது. 20 வாரத்தில் உப்பு இரட்டிப்பு! சாக்கடல் உவர்ந்ததும் இவ்வாறே: யோர்தான் ஆறு உள்ளே வருகிறது, நீர் வெளியேற ஆவியாவதைத் தவிர வழியில்லை.

வாரந்தோறும் 20 லிட்டரை இறைத்து மாற்றினால், லிட்டருக்கு 1.25 கிராமுக்கு மேல் ஏறாது. இப்போது ஆவியான குறைவுக்கு மாடியில் பிடித்த மழைநீர். மாற்றுவதற்கு, ஒரு நாள் திறந்துவைத்துக் குளோரின் போக்கிய ஆத்தூர் அணைக் குழாய்நீர்.

சம்பை மட்டும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். மின்சாரம் நின்றதும் மேல்நீர் சிறிது கீழிறங்கும். ஒருமுறை எங்கள் கூடமே குளமாயிற்று, துடைத்தவள் நான்தான்.