இடம்பெயர்ந்த தாயும் கருக்கலைப்பும்

வீடு, வயல், கிணறு ஆகியவற்றை விட்டு வந்த குடும்பம் எதையெல்லாம் இழந்தது என்று கணக்குப் பார்க்கும்போது ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பழைய ஊரில் மிட்வைஃப் என்று நாம் அழைத்த குடும்பநல மருத்துவமாதுவின் பதிவேட்டிலிருந்தும் அக்குடும்பம் விடுபட்டுப் போகிறது. மாத்தளை மாவட்டத்தில் மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணியை விட்டு எழும்பியவர்களுக்கும், மண்சரிவுக்கு அஞ்சி இடம் மாறியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுவந்த கருத்தடை ஊசி, இடம் மாறிய அமளியில் தவறிவிட்டது. புதிய ஊரில் கிளினிக் எங்கே, எந்த நாளில் என்று தெரியாது. வீடு கட்டி முடியவில்லை. முதற்போக விளைச்சலும் வரவில்லை. அந்த நேரத்தில் மாதவிடாய் நின்றுபோகிறது. "காசு கொடுத்தால் முடித்துவிடுவார்கள், ஓர் இடம் இருக்கிறது" என்று யாரோ காதில் சொல்கிறார்கள். எமது பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

1. சட்டம் சொல்வது

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருக்கலைப்புக் குற்றமாகும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சிசு அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு ஆண்டு வரை சிறை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

வல்லுறவு, நெருங்கிய இரத்த உறவினரால் ஏற்பட்ட கர்ப்பம், சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்க 1995 இல் ஒரு பிரேரணை வந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழவே அப்பகுதி கைவிடப்பட்டது. 2017 இலும் அமைச்சரவை இதையொத்த ஒரு யோசனையை ஏற்றது. கத்தோலிக்க ஆயர்கள் அதை எதிர்த்தனர், அது சட்டமாகவில்லை. அண்டை நாடுகளில் நிலைமை வேறு. இந்தியா 1971 இலும் நேபாளம் 2002 இலும் நிபந்தனைகளோடு அனுமதி அளித்தன.

2. நடப்பில் இருப்பது

சட்டம் தடுத்தும் கருக்கலைப்பு நிற்கவில்லை. மறைவில் நடப்பதால் சரியான எண்ணிக்கை கிடையாது. நாளொன்றுக்கு 658 என்ற மதிப்பீட்டையே சுகாதார அதிகாரிகள் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். கலைக்க முற்படுவோர் திருமணமாகாத இளம்பெண்கள் என்றே பலர் நினைக்கின்றனர். ஆய்வுகள் காட்டுவதோ வேறு. பெரும்பாலானோர் திருமணமானவர்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்ற தாய்மார்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, திருமணமான பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 65 பேர் ஏதாவது கருத்தடை முறையைக் கையாண்டனர். அவர்களில் 11 பேர் அளவில் நாள் கணக்குப் பார்த்தல் போன்ற பாரம்பரிய முறைகளை நம்பியிருந்தனர். ஊசி, லூப் முதலியவற்றைவிட இம்முறைகள் தவறுவது அதிகம்.

3. ஆபத்து எங்கே?

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அது 30 அளவுக்குக் குறைந்தது. இதில் வீடு வீடாக நடந்த மருத்துவமாதுகளின் பங்கு பெரிது. ஆயினும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, தாய் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் ஒன்றாக நீடித்தது.

குச்சி, வேர், சுத்தமற்ற கருவி ஆகியவை கருப்பையைத் துளைக்கலாம், கிருமி தொற்றலாம். களவாக விற்கும் மாத்திரையில் அளவும் தெரியாது, காலமும் தெரியாது. கூடிய இரத்தப்போக்கு, காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் வயிற்றுவலி, நாற்றமுள்ள கசிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கரு தானாகக் கலைந்தாலும் கலைக்கப்பட்டாலும் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறலாம். நடந்ததையும், உட்கொண்டதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொன்னால் சரியான சிகிச்சை விரைவில் கிடைக்கும். பொலிசுக்குப் பயந்து வீட்டில் கிடந்து உயிரை விடக் கூடாது.

4. நாம் செய்யக்கூடியவை

அ. புதிய ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அப்பகுதி மருத்துவமாதுவிடம் குடும்பத்தைப் பதிவு செய்வோம். அவர் யாரென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். பழைய கிளினிக் அட்டையைப் பத்திரமாகக் கொண்டு வருவோம்.

ஆ. ஊசி, மாத்திரை தவறினால் காத்திராமல் கிளினிக்குக்குப் போவோம். பாதுகாப்பின்றி உறவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம், முந்தினால் நல்லது. அது ஏற்கெனவே தரித்த கருவைக் கலைக்காது.

இ. கணவன்மாரும் கிளினிக்குக்கு வரவேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கை இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு.

ஈ. ஒருவர் கலங்கி வந்து சொன்னால் ஏசாமல் கேட்போம், ஊரில் பரப்பாதிருப்போம். இதைப் பற்றி எமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இரத்தம் போகும் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதில் வேறுபாடு இருக்க முடியாது.

கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் இன்னும் பதிவு செய்யாத குடும்பங்கள் எத்தனை?
2. கிளினிக் நாளில் தாய்மார் போகத் தடையாக இருப்பது தூரமா, கூலியா, வெட்கமா?
3. இரவில் ஒரு தாய்க்கு ஆபத்து வந்தால் யார் வாகனம் தருவார், பிள்ளைகளை யார் பார்ப்பார்?