யாரிடம் எந்தச் சாவி?

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது மாணவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மேசைமேல் வரவு செலவுக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அதை எல்லாரும் பார்க்கலாம். ஆனால் எல்லாரும் அதில் எழுதலாமா? எழுதியதை அழிக்கலாமா?

"கூடாது" என்று உடனே சொல்வீர்கள். ஏன் கூடாது? உங்கள் நண்பர்கள் நேர்மையற்றவர்கள் என்பதாலா? இல்லவே இல்லை. கைதவறி ஒருவர் ஒரு வரியை அடித்துவிட்டாலும் கணக்குக் குழம்பிவிடும். யார் அடித்தது என்றும் தெரியாது. அதனால்தான் எழுதும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடுகிறோம்.

பாலம் கட்டுவது, மென்பொருள் எழுதுவது போன்ற பெரிய பணிகளில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து உழைக்கிறார்கள். எந்த வேலை யாருடையது, எப்போது முடிய வேண்டும், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் கணிப்பொறியில் பதிந்து வைக்கிறார்கள். இதற்கென்றே உள்ளது திட்ட மேலாண்மை மென்பொருள். அதற்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் கணிப்பொறி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி: "நீ யார்?" இதற்கு விடை கடவுச்சொல். இரண்டாம் கேள்வி: "நீ என்ன செய்யலாம்?" இதற்கு விடை அனுமதிப் பட்டியல். வாசற்கதவைத் திறந்துவிட்டதனால் வீட்டிலுள்ள பெட்டிகளெல்லாம் திறந்துவிடுமா? திறக்காது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இரண்டாம் கேள்வியில் சற்றே தளர்ந்தால் என்ன ஆகும்? உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் உள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, பலர் ஒரே நேரத்தில் ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கி 1961இல் இயக்கிக் காட்டியது. அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை போன்ற ஓர் இடம் உண்டு. கணிப்பொறியைப் பராமரிப்பதற்கும் ஒரு பொது அறை இருந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பும், அன்றாட அறிவிப்புக் கோப்பும் அந்த அறையில்தான் இருந்தன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதற்குள் வேலை செய்யலாம் என்பது விதி.

பராமரிப்போரின் எண்ணிக்கை பெருகியது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பது அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. "எங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள், கவனமாக இருப்போம்" என்று கேட்டார்கள். கார்பட்டோவும் இசைந்தார்.

அங்கேதான் வந்தது வினை! கோப்புகளைத் திருத்தும் நிரல், திருத்தம் முடியும்வரை ஒரு தற்காலிக நகலை வைத்திருக்கும். அந்த நகலுக்கு எப்போதும் ஒரே பெயர். அறையில் ஒருவர் மட்டுமே இருந்தவரையில் இதனால் கெடுதல் இல்லை. ஒரு நாள் இருவர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். நகல்கள் இடம் மாறின. அதன் பிறகு கணிப்பொறிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம், வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன! 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்றபோது ஆற்றிய உரையில் கார்பட்டோவே இதை எடுத்துச் சொன்னார்.

இங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வசதிக்காகக் கூடுதலாகக் கொடுத்த அனுமதிதான் தவறுக்கு வழி திறந்துவிட்டது. 'கவனமாக இருப்போம்' என்ற உறுதிமொழி பூட்டு ஆகாது. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த விதிகளுள் ஒன்று இன்றும் அடிப்படை விதியாக இருக்கிறது: ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டுமே போதும், அதற்குமேல் வேண்டாம்.

சரி, ஒவ்வொருவருக்கும் அளந்து அளந்து கொடுப்பது எப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு திட்டத்தில் 60 பேர். செய்யக்கூடிய செயல்கள் 10. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்தால் 60 × 10 = 600 முடிவுகள். இதற்குப் பதிலாக ஆட்களை மூன்று பொறுப்புகளாகப் பிரியுங்கள். பொறுப்புகளுக்கு 3 × 10 = 30 முடிவுகள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதற்கு 60. ஆக மொத்தம் 90 முடிவுகளே! ஒருவர் வேறு பொறுப்புக்கு மாறினால், மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

இந்தப் 'பொறுப்புவழி அனுமதி' முறையை டேவிட் பெராயோலோ, ரிச்சர்டு கூன் ஆகியோர் 1992இல் முறையாக வரையறுத்தார்கள். 2006இல் வெளிவந்த 'ரெட்மைன்' என்னும் திட்ட மேலாண்மை மென்பொருளில் மேலாளர், மென்பொருள் எழுதுபவர், குறை தெரிவிப்பவர் என்ற பொறுப்புகள் தொடக்கத்திலேயே அமைந்திருக்கின்றன. தேவைக்கேற்ப அவற்றை மாற்றியும் கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வேலை முடிந்து ஒருவர் விலகும்போது அவருடைய அனுமதியையும் நீக்கிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லையா? அது சந்தேகம் அல்ல, ஒழுங்கு.

செய்து பாருங்கள்: ஒரு தாளில் கட்டங்கள் வரையுங்கள். இடப்புறம் தலைவர், பொருளாளர், பொருள் வாங்குபவர், பார்வையாளர் என்று எழுதுங்கள். மேலே பார்த்தல், எழுதுதல், திருத்துதல், அழித்தல், செலவுக்கு ஒப்புதல் தருதல் என்று எழுதுங்கள். உங்கள் கண்காட்சிக் கணக்கு நோட்டுக்குத் தேவையான கட்டங்களில் மட்டும் குறியிடுங்கள். பொருள் வாங்குபவரே தம் செலவுக்கு ஒப்புதலும் தரலாமா? அழித்தல் என்ற கட்டம் யாருக்காவது தேவைதானா? நண்பர்களுடன் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.