லாரி எங்கே நின்றது?

அன்புத் தம்பிக்கு,

உன் மனுவின் நகலைப் படித்தேன். தாக்கல் செய்யும் முன் காட்டத் தோன்றியதே நல்லது. இரவில் நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதி இளைஞர் இறந்திருக்கிறார். நான்காம் பத்தியில் நீ எழுதியிருப்பது: 'லாரி ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதே விபத்துக்குக் காரணம்.' நின்ற லாரிக்கு ஏதப்பா அதிவேகம்? பழைய மனு ஒன்றிலிருந்து அந்த வரி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்சூரன்ஸ் வக்கீலுக்குக் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியை நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

கவனக்குறைவுச் சட்டம் என்றதும் சட்டக் கல்லூரியில் 1932ஆம் ஆண்டின் டோனஹ்யூ வழக்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு பெண் குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்தது என்று தொடுத்த வழக்கு. காசு கொடுத்தது தோழி. குடித்தவருக்கும் தயாரித்தவருக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஆனாலும் தயாரிப்பாளருக்கு அவர் மேல் கவனக் கடமை உண்டு என்று பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்புதான். ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த நத்தைக்கு வேலை குறைவு. சாலையில் வண்டியோடு இருப்பவருக்குப் பிறர் மேல் கடமை உண்டு என்பதை இங்கே எவரும் மறுப்பதில்லை. கடமை எந்த இடத்தில் தவறியது, அந்தத் தவறால்தான் சாவு நேர்ந்ததா என்பதில்தான் முழுச் சண்டையும்.

உன் வழக்கில் அந்தத் தவறு லாரி நின்ற விதத்தில் இருக்கிறது. ஆபத்து உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. முதலில் பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் எடு. தார்ச்சாலையின் அகலம் என்ன, லாரியின் சக்கரங்கள் தாரில் நின்றனவா மண்ணில் நின்றனவா, பைக் எங்கே விழுந்து கிடந்தது? பிறகு மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. பின்விளக்கு எரியும் நிலையில் இருந்ததா, ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்ததா, சேதம் லாரியின் வலது ஓரத்திலா நடுவிலா? வலது ஓரம் என்றால் கடைசி நொடியில் பார்த்து ஒதுங்கப் போயிருக்கிறார் என்று வாதிடலாம். இதையெல்லாம் மனுவிலேயே எழுது. மனுவில் இல்லாததை வாதத்தில் கொண்டுவந்தால் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

அந்த இடத்துக்கு இரவில் ஒருமுறை போய்வா. 'ஹெட்லைட் வெளிச்சத்தில் லாரி தெரிந்திருக்குமே' என்பதுதான் எதிர்த்தரப்பின் முக்கிய வாதமாக இருக்கும். நடுச்சாலையில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கரில் கார் மோதிய வழக்கில் உயர் நீதிமன்றம் காரோட்டியின் மேல் பாதிப் பழியைப் போட்டது. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை என்ற சாட்சியத்தை ஏற்று, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லா வழக்கும் அப்படி முடியாது. இடைவெளி விடாமல் பின்தொடர்ந்தவர் மேல் பங்கு போட்ட தீர்ப்புகளும் உண்டு. அதனால்தான் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் தகவல் அறிக்கை இறந்தவர் மேலேயே பதிவாகியிருக்கிறதே என்று மிரளாதே. புகார் கொடுத்தது யார்? லாரி ஓட்டுநர். செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. அந்த அறிக்கை தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான். லாரி ஓட்டுநரை எதிர்த்தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றாவிட்டால், ஏன் ஏற்றவில்லை என்று வாதத்தில் அழுத்திக் கேள்.

டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்ததாகச் சொல்லத் தயார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். நள்ளிரவில் கடை திறந்திருந்ததா என்ற ஒரே கேள்வியில் வழக்கும் உன் பெயரும் சேர்ந்து போகும். உன்னிடம் ஏற்கெனவே சாட்சி இருக்கிறார்: பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து கால் முறிந்தவர். அவர் அங்கே இருந்தார் என்பதற்கு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடே சாட்சி. நண்பர்தானே என்பார்கள், சொல்லட்டும்.

அவருக்குத் தனி மனு உண்டு, மறந்துவிடாதே. இறந்தவரிடமும் தவறு இருந்ததென்று முடிவானால், மனைவிக்குக் கிடைக்கும் தொகையில் அந்தப் பங்கு கழியும். பின்னால் இருந்தவருக்குக் கழியாது. அவரைப் பொறுத்தவரை இரு வண்டிக்காரர்களும் சேர்ந்து காயப்படுத்தியவர்கள். முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர் ஹெல்மெட் போடவில்லை என்று கிளப்பினால், ஹெல்மெட் காலையா காக்கும் என்று கேள். எந்தத் தவறுக்கும் ஏற்பட்ட காயத்தோடு தொடர்பு இருக்க வேண்டும்.

தொகைக் கணக்கு உனக்கே வரும். சர்லா வர்மா வழக்கின் பெருக்கெண் அட்டவணையையும் பிரணய் சேத்தி வழக்கின் எதிர்கால வருமானச் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள். கவனக்குறைவை நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். அந்த வழி இருப்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லிவிடு, ஆனால் இளம் வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு அது போதாது.

தேதி விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதே. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 166(3)ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து வாதிடுகிறவர்கள் வாதிடட்டும். ஒரு விதவையின் வழக்கை வைத்து நீ அதைச் சோதித்துப் பார்க்காதே. உன் மனுவில் உள்ள தேதிப்படி ஐந்தாவது மாதம் நடக்கிறது. நான்காம் பத்தியைத் திருத்தி இந்த வாரமே தாக்கல் செய்.