எண்ணி எறிவோம், கையைக் காப்போம்
(பத்தாம் வகுப்பு மாணவியர், சாஃப்ட்பால் அணி)

முன்னுரை

எங்கள் ஊரான திருப்பருத்திக்குன்றத்துக்கும் காஞ்சி மாநகருக்கும் இடையே ஓடும் ஆற்றுக்கு வேகவதி என்று பெயர். சினம் கொண்ட கலைமகள் வெள்ளமாய்ப் பாய்ந்து வந்ததாகவும், திருமால் குறுக்கே அணையாகப் படுத்து அதைத் தடுத்ததாகவும் இங்கே பாட்டிமார் கதை சொல்வார்கள். வேகம் இருந்தால் அணையும் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கதையில் நாங்கள் கண்ட பொருள். அதே பாடத்தைச் சென்ற ஆண்டு விளையாட்டுத் திடலிலும் கற்றோம். அன்புத் தோழியரே, சாஃப்ட்பால் ஆட்டத்தில் பந்தெறியும் 'பிட்சர்' தன் வேகத்தை எப்படி அளப்பது, தன் கையை எப்படிக் காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் வரலாறு

1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு கூடத்துக்குள்ளே விளையாட்டாகத் தொடங்கியது இந்த ஆட்டம். பெண்கள் சாஃப்ட்பால் 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2008-க்குப் பின் விலக்கப்பட்டு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டது. பெயரில்தான் மென்மை உண்டு. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம் வரை. பிட்சர் நிற்கும் பலகைக்கும் அடிப்பவர் நிற்கும் தளத்துக்கும் இடையே பெண்களுக்கு 43 அடி. பிட்சர் தன் கையை இராட்டினம் போல் ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே பந்தை விட வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். எங்கள் அணியில் ஒரே ஒரு நல்ல பிட்சர். அவள் நெசவாளர் வீட்டுப் பெண். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அவள் வீசினால் எதிரணியினர் மட்டையை எடுப்பதற்குள் பந்து கேட்சரின் கையுறையில் இருக்கும். "இன்னும் வேகமா போடுடீ!" என்று நாங்கள் எல்லைக்கோட்டில் நின்று கத்துவோம். அவளும் வீசுவாள்.

ஒரு சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் முதலிலிருந்து கடைசிவரை அவளே வீசினாள். இரண்டிலும் வென்றோம். வீடு திரும்பும்போது அவள் பையை வேறொருத்தி தூக்கி வந்தாள். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு ஒற்றைச் சடையோடு வந்தாள். எங்கள் பள்ளியில் இரட்டைச் சடைதான் வழக்கம். கேட்டபோதுதான் சொன்னாள்: கையைத் தூக்கிச் சடை பின்ன முடியவில்லை, அம்மா தறிவேலை அவசரத்தில் ஒரே சடையாகப் போட்டு அனுப்பிவிட்டார். தோளின் முன்பக்கத்தில் மூன்று வாரங்களாகவே வலி இருந்ததாம். "சொன்னா என்னை உட்கார வச்சிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றாள். மேற்கை முன்தசையின் நாண் தோளோடு சேரும் இடத்தில் வீக்கம் என்று மருத்துவர் கூறி, ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார்.

அன்றைய ஆட்டக் குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் 92 பந்துகள், இரண்டாவதில் 84. ஆக 176. ஆட்டத்துக்கு முன் பழகியவற்றையும், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன் வீசிப் பார்த்தவற்றையும் சேர்த்தால் முந்நூறு ஆயிற்று. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஓட்டங்களை எண்ணினோம், வெற்றிகளை எண்ணினோம். அவள் கை எத்தனை முறை சுழன்றது என்பதை மட்டும் எண்ணவில்லை.

கீழ்க்கை வீச்சு கையை வருத்தாதா?

தோளுக்கு மேலாக எறிந்தால்தான் கை கெடும், கீழ்க்கையாக வீசினால் ஒன்றும் ஆகாது என்று பலரும் நம்புகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஆனால் ஆய்வுகள் வேறு சொல்கின்றன. 1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சாஃப்ட்பால் பிட்சரின் தோளும் முழங்கையும் தாங்கும் விசை, பேஸ்பால் வீரர்கள் தாங்கும் விசைக்கு நிகராக இருப்பதைக் காட்டியது. 2005-இல் 53 இளம் பிட்சர்களை ஆராய்ந்தபோது, தோள்மூட்டிலிருந்து கையைப் பிரித்து இழுக்கும் விசை, சராசரியாக அவர்களது உடல் எடையில் 94 விழுக்காடு என்று தெரிந்தது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள நம் தோழி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஏறக்குறைய நாற்பத்திரண்டு கிலோ எடை அவள் தோளைப் பிடித்து இழுக்கிறது! 2009-ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வில், மேற்கை முன்தசை மேற்கை வீச்சைவிட இந்தச் சுழல் வீச்சில்தான் கூடுதலாக உழைக்கிறது என்று கண்டார்கள். எங்கள் தோழிக்கு வலித்ததும் அந்த இடமே.

நம் வயதில் எலும்புகளின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பெரியவர்களுக்குப் பொருந்தும் அளவு நமக்குப் பொருந்தாது.

எத்தனை பந்துகள் வீசலாம்?

இளம் வீரர்களின் காயங்களைத் தடுக்க முனைந்த அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் வகுத்துத் தந்த அளவுகள் இவை:

8 முதல் 10 வயது: ஓர் ஆட்டத்தில் 50; ஒரு நாளில் 80.
10 முதல் 12 வயது: ஓர் ஆட்டத்தில் 65, ஒரு நாளில் 95.
13, 14 வயது: ஓர் ஆட்டத்தில் 80, ஒரு நாளில் 115.
15 வயதும் அதற்கு மேலும்: ஓர் ஆட்டத்தில் 100, ஒரு நாளில் 140.

இந்த நாளளவு தொடர்ந்து வரும் முதல் இரண்டு நாட்களுக்கு உரியது. மூன்றாம் நாளும் ஆட்டம் இருந்தால், பன்னிரண்டு வயது வரையுள்ளவர்கள் வீசவே கூடாது. 13, 14 வயதினர் 80-க்கும், 15 வயதினர் 100-க்கும் மேல் போகக் கூடாது. இவற்றோடு ஒப்பிட்டால், எங்கள் தோழி அன்று வீசிய 176 பந்துகள் அவள் வயதுக்குரிய நாளளவைவிட 61 கூடுதல்.

வேகத்தை அளப்பது எப்படி?

பெரிய ஆட்டங்களில் ரேடார் துப்பாக்கி என்னும் கருவியால் வேகத்தை அளக்கிறார்கள். அது அனுப்பும் அலை பந்தில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. பந்து வரும் கோட்டிலேயே நின்று அளக்க வேண்டும். இருபது பாகை விலகி நின்றால் ஆறு விழுக்காடு குறைவாகக் காட்டும்.

எங்களிடம் அந்தக் கருவி இல்லை. முதலில் நிறுத்துகடிகாரத்தால் அளந்தோம். பந்து கையை விடும் இடத்திலிருந்து கேட்சரின் கையுறை வரை 12 மீட்டர். பந்து வர 0.6 விநாடி ஆனால், 12-ஐ 0.6-ஆல் வகுக்க விநாடிக்கு 20 மீட்டர். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கணக்கு எளிதுதான். ஆனால் விரல் சற்றே முந்தி 0.5 விநாடி என்று பதிந்தால் 86 ஆகிவிடும், பிந்தி 0.7 என்று பதிந்தால் 62 ஆகிவிடும். ஒருத்தி அளந்தால் புலி, இன்னொருத்தி அளந்தால் பூனை!

பிறகு எங்கள் பி.டி. மிஸ் தம் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தார்கள். அதில் விநாடிக்கு 240 படங்கள் பதியும். பந்து கையை விட்ட படத்திலிருந்து கையுறையில் விழுந்த படம் வரை எண்ணினால் போதும். 144 படங்கள் என்றால் 0.6 விநாடி. ஒரு படம் தவறி எண்ணினாலும் பிழை மணிக்கு அரைக் கிலோமீட்டர்தான். இதில் கிடைப்பது சராசரி வேகம். கையை விடும் கணத்தின் வேகம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே ரேடார் எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது. நம் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வேகம் எதற்குப் பயன்படும்?

2012-இல் அமெரிக்காவின் மோனிகா அபட் மணிக்கு 77 மைல், அதாவது 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசிச் சாதனை படைத்தார். 2025-இல் கார்லின் பிக்கன்ஸ் என்ற கல்லூரி மாணவி 79.4 மைலைத் தொட்டார். இவற்றைக் கேட்டு வியப்பது சரி. ஆனால் ஒரே எண்ணைத் துரத்தி ஓடினால் என்ன ஆகும்? நம் நாட்டுக் கிரிக்கெட்டில் மயங்க் யாதவ் என்ற இளைஞர் 2024 ஏப்ரல் 2 அன்று மணிக்கு 156.7 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசி எல்லாரையும் மலைக்க வைத்தார். ஐந்தே நாளில், அடுத்த ஆட்டத்தில், ஒரே ஓவர் வீசிவிட்டு விலாப்பக்க வலியோடு வெளியேறினார். வேகமானி அன்றைய வேகத்தைத்தான் சொல்லும். உடல் நாளை தாங்குமா என்று சொல்லாது.

ஆகவே நாங்கள் வேகத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறோம். அது எங்களுக்குக் களைப்பைக் காட்டும் கண்ணாடி. எங்கள் தோழி இவ்வாண்டு ஒரு பயிற்சியில் தொடக்கத்தில் 72 கி.மீ. வேகத்தில் வீசினாள், 60 பந்துகளுக்குப் பின் 70, நூறை நெருங்கியபோது 65. "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவள் வாய் சொன்னது. குறிப்பேடு வேறு சொன்னது. குறியும் தவறத் தொடங்கியிருந்தது. உடனே நிறுத்தினோம்.

எங்கள் குறிப்பேடு

நெசவாளர் வீட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பாவில் எத்தனை இழை, இன்று எத்தனை முழம் நெய்தது என்று எண்ணாமல் தறி ஓடாது. "பாவு இழை அறுந்த பிறகு முடிச்சுப் போடலாம், ஆனா முடிச்சு முடிச்சுதான்" என்று எங்கள் தோழியின் தாத்தா சொன்னார். அவர் சொல்லித்தான் குறிப்பேடு தொடங்கினோம். அதில் எழுதுபவை:

1. ஆட்டத்தில், பயிற்சியில், பழகும்போது வீசிய பந்துகள், தனித்தனியாக.
2. தொடக்கத்தில் மூன்று பந்துகளின் வேகம், முடிவில் மூன்று பந்துகளின் வேகம்.
3. வலி, பூச்சியம் முதல் பத்து வரை. மறுநாள் காலையும் கேட்டு எழுத வேண்டும்.
4. வீட்டில் தறியில் உதவிய நேரம், தண்ணீர்க் குடம் தூக்கியது போன்றவை. கைக்கு எல்லாம் ஒரே உழைப்புதான்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். பத்துப் பந்துக்கு ஒன்று வீதம் ஒரு டப்பாவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவோம். விடுமுறைக்குப் பின் வந்த முதல் வாரத்திலேயே பழைய எண்ணிக்கைக்குத் தாவாமல், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். எறிவதற்கு முன் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றுகிறோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இன்னும் இருவரைப் பிட்சர்களாகப் பழக்கியிருக்கிறோம்.

சுமையைப் பகிர்வது இழுக்கு அன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாட்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வென்று தந்தார். அப்போது அவர் இருபத்தாறு வயது நிரம்பியவர். நமக்கு அது அளவுகோல் ஆகாது. டோக்கியோ இறுதி ஆட்டத்தில் முப்பத்தொன்பது வயதான அவரே, ஆறாம் இன்னிங்ஸில் இருபது வயது மியு கோட்டோவிடம் பந்தைக் கொடுத்து ஓய்ந்தார். பின் ஏழாவதில் திரும்பி வந்து வீசி முடித்தார். அப்போதும் ஜப்பானுக்கே தங்கம்.

ஒரு தோல்வி

இவ்வாண்டு எங்கள் தோழிக்குப் பதினைந்து வயது. மீண்டும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வந்தன. முதல் ஆட்டத்தில் 81 பந்துகளோடு வென்றோம். இரண்டாவதில் ஐந்தாம் இன்னிங்ஸ் முடிந்தபோது அவள் 59 வீசியிருந்தாள். கூட்டினால் 140. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னணியில் இருந்தோம். "இன்னும் ரெண்டே இன்னிங்ஸ்தான், நானே போட்டுடறேன்" என்று அவள் கெஞ்சினாள். எங்களுக்கும் ஆசைதான். புளியங்கொட்டை டப்பா வைத்திருந்தவள் ஒன்றும் பேசாமல் டப்பாவைக் காட்டினாள். இரண்டாவது பிட்சர் இறங்கினாள். ஐந்துக்கு மூன்று என்று தோற்றோம். எங்களில் சிலர் அழுதார்கள், மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தோம். இரட்டைச் சடை, தானே பின்னியது.

முடிவுரை

திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. வலி என்றால் வலிமை என்று தமிழம்மா விளக்கினார்கள். நோவுக்கும் அதே சொல்தான். நம் வலிமையை அறிய வேண்டுமானால் நம் வலியையும் அறிந்து, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கும் தோழியர் நாம் என்ற நம்பிக்கையையும் தர வேண்டும். அடுத்த ஆண்டு இந்த அணியில் சேரும் தங்கைகளே, குறிப்பேடும் புளியங்கொட்டை டப்பாவும் விளையாட்டு அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள்.