சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்: 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் – ஒரு சமூக உளவியல் நோக்கு

முன்னுரை

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று இன்று படிப்பவரை வியப்பில் ஆழ்த்தும். துரைமார்களுக்கும் தோட்ட அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்பதே அது. கூலி, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்கு நடுவே சைக்கிளுக்கு என்ன வேலை? அதுவரை பல ஆண்டுகள் இறங்கி நின்றவர்கள் அந்த ஆண்டில் மட்டும் ஏன் மறுத்தார்கள்?

வரலாற்று நூல்கள் இதற்குப் பொருளாதாரக் காரணங்களையும் அரசியல் காரணங்களையும் தருகின்றன. அவை தேவையானவையே. எனினும் மனிதரின் மனப்பான்மை, உறவு, குழு நடத்தை ஆகியவற்றை ஆராயும் சமூக உளவியலின் துணையோடு இந்நிகழ்ச்சியை நோக்கினால், நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் சில கருத்துகளையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளானில் நடந்தது என்ன?

முதலில் நிகழ்ச்சியைச் சுருக்கமாகக் காண்போம். 1930களின் பொருளாதார மந்தத்தில் தோட்டத் தொழிலாளர்களின் கூலி குறைக்கப்பட்டது. 1937இல் வெளிவந்த ஸ்ரீனிவாச சாஸ்திரி அறிக்கை, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் என்ற பழைய கூலிக்கே திரும்புமாறு பரிந்துரைத்தது. ஆனால் 1938இல் மீண்டும் கூலி குறைப்பு எழுந்தபோது, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவிபெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது.

பின்னர்ப் போர் வந்தது. ரப்பருக்குத் தேவை பெருகியது. பொருள்களின் விலையும் ஏறியது. இந்நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். 1941இன் தொடக்க மாதங்களில் நடந்த முதல் கட்ட வேலைநிறுத்தங்கள் ஓரளவு கூலி உயர்வோடு முடிந்தன. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அத்துடன் எல்லாம் அடங்கிவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்திருக்கலாம். நடந்ததோ வேறு. வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவி, சிலாங்கூரின் பிற மாவட்டங்களையும் எட்டியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். பலர் சிறைப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியதால், இந்நிகழ்ச்சி மக்கள் நினைவில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை நியமித்தல், பெண்கள் மீதான அத்துமீறலை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போதல், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை மற்ற கோரிக்கைகளுள் சில.

இறங்கும் பழக்கமும் மனப்பான்மையும்

மனப்பான்மையிலிருந்தே நடத்தை பிறக்கிறது என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். மரியாதை இருப்பதால் இறங்குகிறோம் என்பது அந்தக் கணக்கு. சமூக உளவியல் இதைத் திருப்பிப் போடுகிறது. 1957இல் லியோன் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட மன முரண்பாட்டுக் கோட்பாடும், பின்னர் டேரில் பெம் விளக்கிய தன்னறிதல் கோட்பாடும், நடத்தையே மனப்பான்மையை உருவாக்க வல்லது என்று காட்டின. நாள்தோறும் ஒருவர் முன் தலைகுனிபவர், 'நான் ஏன் குனிகிறேன்?' என்ற கேள்விக்கு ஏதேனும் ஒரு விடை கண்டாக வேண்டும். 'அவர் பெரியவர், நான் சிறியவன்' என்பதே மனத்துக்கு எளிதில் கிடைக்கும் விடை. ஆகவே சைக்கிள் விதி வெறும் அவமதிப்பு மட்டுமன்று. நாள்தோறும் நடந்த ஒரு பயிற்சி எனலாம். காலையில் பெரட்டுக்குப் போகும்போதும் மாலையில் லயத்துக்குத் திரும்பும்போதும், தான் யார் என்பதை உடம்பாலேயே கற்கும் பயிற்சி அது.

இன்னும் ஒரு படி மேலே சென்று, தமக்குப் பாதகமான அமைப்பையே மக்கள் நியாயப்படுத்துவதும் உண்டு என்று ஜான் ஜாஸ்ட், மஸரின் பானாஜி இருவரும் 1994இல் எழுதினர். ஆனால் இதற்கு வலுவான மறுப்பு நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. 1970களின் இறுதியில் கெடா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட், எளியவர்கள் முன்னால் காட்டும் பணிவை உள்ளத்து ஏற்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். முதலாளி இல்லாத இடத்தில் அவர்களின் பேச்சு வேறு, கேலி வேறு, வேலையில் காட்டும் சுணக்கமும் அதன் ஒரு வடிவமே.

கிள்ளானுக்கு எது பொருந்தும்? காப்பார் வட்டாரத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டிய என் தாத்தா, கிராணியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நின்றிருக்கிறார். ஆனால் கிராணி வளைவில் மறைந்த பிறகு அவரைப் போலவே நடந்து காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாராம். பாட்டி சொல்லக் கேட்டது இது. ஸ்காட் குறிப்பிடும் இரட்டை வாழ்க்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் உள்ளே ஏற்காதவர்கள் வெளியே ஏன் அவ்வளவு காலம் பேசாமல் இருந்தார்கள்? அச்சம் முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொருவரும் 'எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் போலும்' என்று எண்ணுவதைப் 'பன்மை அறியாமை' எனலாம். 1931இல் டேனியல் கட்ஸ், ஃப்ளாய்ட் ஆல்போர்ட் இருவரும் இக்கருத்தை எழுதினர். 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனைகளும் இங்கு நினைவுகூரத் தக்கவை. அறையில் உள்ள அனைவரும் ஒருமுகமாகத் தவறான விடை கூறியபோது, சோதனைக்கு உள்ளானவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவற்றோடு ஒத்துப்போனது. ஒரே ஒருவர் மாறுபட்டுச் சரியாகச் சொன்னாலும் இந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. ஒரு சங்கக் கூட்டம் செய்வதும் அதைத்தான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து சைக்கிளைப் பற்றிப் பேசும்போது, பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவதை ஒவ்வொருவரும் பார்க்கின்றனர்.

யாரோடு ஒப்பிடுகிறோம்?

வறுமை மிகும்போதுதான் மக்கள் கிளர்ந்தெழுவர் என்றால், கூலி குறைக்கப்பட்ட மந்த காலத்திலேயே கிள்ளான் கொதித்திருக்க வேண்டும். அது கொதித்ததோ ரப்பருக்கு நல்ல காலம் வந்தபோது. இப்புதிருக்கு 'ஒப்புநிலை இழப்புணர்வு' என்ற கருத்து விடை தருகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டவ்ஃபர் குழுவினர், 1949இல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டனர். பதவி உயர்வு எளிதாகக் கிடைத்த விமானப் பிரிவினரைவிட, அரிதாகக் கிடைத்த இராணுவக் காவல் பிரிவினரே பதவி உயர்வு முறையில் மனநிறைவு கொண்டிருந்தனர். மனிதன் தன் நிலையைத் தன்னைச் சுற்றி இருப்பவர்களோடு ஒப்பிட்டே அளக்கிறான் என்பது இதன் பொருள்.

1966இல் டபிள்யு. ஜி. ரன்சிமன் இதை இரண்டாகப் பிரித்தார். 'நான் பின்தங்கிவிட்டேன்' என்பது ஒன்று. 'நாங்கள் பின்தள்ளப்பட்டோம்' என்பது மற்றொன்று. முதலாவது ஒருவனைத் தோட்டம் மாறி ஓட வைக்கும், கள்ளுக்கடைக்கும் அனுப்பும். இரண்டாவதுதான் கூட்டு நடவடிக்கைக்கு வழிவிடும். கிள்ளான் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்கப்பட்டதைக் கவனியுங்கள். ஒரே வகை வேலைக்கு இரு வகைக் கூலி என்பது தனிமனிதனின் குறையன்று. ஒரு குழுவுக்கு இடப்பட்ட விலை. அந்த விலையைத்தான் அவர்கள் மறுத்தார்கள்.

'நான்' எவ்வாறு 'நாம்' ஆனது?

தோட்டத்தில் உறவுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக அமைந்திருந்தன. கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள் திரட்டி வந்தார். கடனும் அவரிடமே, பாதுகாப்பும் அவரிடமே. அவருக்கு மேல் தண்டல், கிராணி, துரை என்ற அடுக்கு. சாதியும் ஊரும் தொழிலாளர்களைக் குறுக்காகப் பிரித்தன. 1938க்குப் பின் புதிய ஆள் வரத்து நின்றதால், கங்காணி முறையின் அடிப்படையே ஆட்டங்கண்டது. சங்கமும் நாளிதழும் தோட்டத்துக்குத் தோட்டம் பக்கவாட்டில் உறவை ஏற்படுத்தின. பக்கத்துத் தோட்டத்துக்காரனின் குறையும் தன் குறையே என்று அறிய இது வழிவகுத்தது.

இங்கு ஹென்றி டாஜ்ஃபெல்லின் ஆய்வு துணைநிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் அவர் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை ஏதோ ஓர் ஓவியரை விரும்பியவர்கள் என்ற அற்பக் காரணத்தைக் கூறி இரு குழுக்களாகப் பிரித்தார். அம்மாணவர்கள் உடனே தம் குழுவுக்குச் சாதகமாகப் பணத்தைப் பங்கிடத் தொடங்கினர். குழு உணர்வு தோன்ற மிகச் சிறிய கோடு போதும் என்பது இதனால் விளங்கும். பின்னர் அவரும் ஜான் டர்னரும் வளர்த்த சமூக அடையாளக் கோட்பாடு, தாழ்த்தப்பட்ட குழு எப்போது போராடும் என்ற கேள்விக்கும் விடை தேடியது. தற்போதைய ஏற்பாடு நியாயமற்றது, அதை மாற்றவும் முடியும் என்ற இரண்டும் சேர்ந்து தோன்றும்போது என்பது அவ்விடை. 2008இல் வான் ஸோமரன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும் அநீதியுணர்வு, 'நம்மால் முடியும்' என்ற நம்பிக்கை, குழு அடையாளம் ஆகிய மூன்றுமே கூட்டு நடவடிக்கையின் தூண்களாகத் தெரிந்தன. கிள்ளானில் முதல் கட்டத்தில் கிடைத்த கூலி உயர்வு சிறிதுதான். ஆயினும் அது அந்த நம்பிக்கையை விதைத்திருக்கும் எனக் கொள்வது பொருத்தமே.

தூண்டிவிட்டவர் யார்?

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். காலனித்துவ அதிகாரிகளின் விளக்கம் எளிமையானது: அமைதியான தொழிலாளர்களை ஒரு கிளர்ச்சிக்காரர் கெடுத்துவிட்டார், அவரை அகற்றினால் போதும். ஒரு செயலுக்குச் சூழலைக் காரணமாகக் காணாமல், ஆளின் குணத்தையே காரணமாகக் காணும் இப்போக்கை லீ ராஸ் 1977இல் 'அடிப்படைக் காரணங்காண் பிழை' என்று பெயரிட்டார். அதற்கு முன்பே 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் இருவரும் இதனைச் சோதித்திருந்தனர். கட்டுரையாளரிடம் 'இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும்' என்று கட்டளையிடப்பட்டது தெரிந்திருந்தும், படித்தவர்கள் அதை அவருடைய சொந்தக் கருத்தாகவே கணித்தனர்.

கிள்ளானில் இந்த விளக்கம் நேரடியாகவே சோதனைக்கு உள்ளானது. நாதன் கைதானார், வேலைநிறுத்தம் பெருகியது. காரணம் ஒரு மனிதர் என்றால், அவர் இல்லாதபோது விளைவும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

கூட்டம் என்றாலே அறிவிழந்த திரள் என்ற கருத்து, 1895இல் குஸ்தாவ் லெ போன் எழுதிய நூலால் பரவியது. 1980இல் பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த ஸ்டீபன் ரைஷர் அதை மறுத்தார். அக்கூட்டம் யாரைத் தாக்குவது, எந்த எல்லையோடு நிற்பது என்பதில் ஒழுங்கைக் காட்டியதாக அவர் கண்டார். அதிகாரம் அனைவரையும் ஒரே கூட்டமாக நடத்தும்போது, அதுவரை ஒன்றாக இல்லாதவர்களும் ஒன்றாகிவிடுகின்றனர் என்பது அவருடைய பிற்கால ஆய்வுகளின் சாரம். நாதனின் கைது, தனித்தனித் தோட்டங்களின் குறைகளை ஒரே குறையாக்கியது என்றே நான் கருதுகிறேன்.

இதே கிள்ளானில் பல்லாண்டு கழித்தும் இதையொத்த ஒரு காட்சி தோன்றியது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பின், டிசம்பரில் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான எம். மனோகரன், தடுப்புக் காவலில் இருந்தபடியே 2008 மார்ச் பொதுத் தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அத்தேர்தலுக்கு வேறு பல காரணிகளும் இருந்தன. ஆனாலும் தலைவரை அகற்றுவதால் குழு கரையும் என்ற கணக்கு மறுபடியும் பொய்த்தது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

எச்சரிக்கை ஒன்று

மேற்கண்ட கோட்பாடுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களிடமும் வீரர்களிடமும் கண்டறியப்பட்டவை. அவற்றை நம் தோட்டங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. மேலும் நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னிருந்து காரணம் சொல்வது எளிது. 1941இல் ஒவ்வொரு தொழிலாளியும் என்ன நினைத்தார் என்பதை அளந்தவர் எவருமில்லை. கோரிக்கைப் பட்டியலும் நடந்த நிகழ்ச்சிகளுமே நம்மிடம் உள்ளன. கோட்பாடு நமக்குக் கேள்விகளைத் தரும். சான்றின் இடத்தை அது பிடிக்கலாகாது.

முடிவுரை

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் தே தாரிக் அருந்தியபடி நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'நம்ம ஆளுங்களுக்கு ஒற்றுமையே கிடையாது. நம்ம இனமே இப்படித்தான்.' பேரவைக் கூட்டத்துக்கு ஆள் வராதபோது நம் மாணவர்களும் இதையே சொல்கின்றனர். 1941இல் துரைமார் செய்த அதே கணிப்பை இன்று நாம் நம்மீது செய்கிறோம். சூழலில் தேட வேண்டிய காரணத்தைக் குணத்தில் தேடுகிறோம். ஒற்றுமை என்பது இரத்தத்தில் ஓடும் பண்பாக இருந்தால், 1940இல் இல்லாதது 1941இல் எங்கிருந்து வந்தது? அவர்கள் அதே மனிதர்கள். அதே லயத்தில் வாழ்ந்தவர்கள். மாறியவை உறவுகளின் அமைப்பும், ஒப்பீடும், நம்பிக்கையும், ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியவந்த வாய்ப்பும்தான்.

எனவே அடுத்த முறை ஆள் வரவில்லை என்றால், குணத்தைப் பழிக்காமல், வராதவர் யாரோடு பேசிப் பழகியிருக்கிறார், சென்ற முறை வந்ததால் அவருக்கு எது கைகூடியது என்று கேட்டுப் பாருங்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்த முதியவர்கள் சிலராவது இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். இந்த விடுமுறையில் அவர்களிடம் கங்காணியைப் பற்றியும் கிராணியைப் பற்றியும் கேளுங்கள். சொல்வதைப் பதிவு செய்து பேரவைக்குக் கொண்டு வாருங்கள். சமூக உளவியல் பயிலும் நம் மாணவர் ஒருவருக்கு அதுவே ஆய்வுப் பொருளாகும்.