வீட்டுத் தொட்டியில் கரிசலாங்கண்ணி

குளிர்நாட்டு ஆஸ்டர் பூக்களுக்கு மலேசியாவின் கூலாய் நகர வெக்கை ஒத்துவராது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கரிசலாங்கண்ணிக்கோ இந்த ஈரமும் வெயிலும்தான் வேண்டும். கால்வாய் ஓரங்களில் தானாகவே முளைக்கும்.

செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். பூ வெள்ளையாக, சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக இருக்கும்; இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். ஓர் இலையைக் கசக்கி விரலில் தேய்த்தால், பச்சைச் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். சாலையோரம் தரையை மூடிப் படரும் மஞ்சள் பூச்செடி வேறு.

செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அங்கிருந்து பறித்ததைச் சமைக்கவே வேண்டாம். கீரைக்கு வீட்டில் வளர்ப்பதே நல்லது.

நான்கு கணு உள்ள தண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். கணுவில் எளிதில் வேர் பிடிக்கும். விதை என்றால் மேலே தூவினால் போதும். முளைக்க வெளிச்சம் தேவை, மண் போட்டு மூடாதீர்கள். தோட்டமண்ணோடு மக்கிய உரம் கலந்து, அரைநாள் வெயில் படும் இடத்தில் வையுங்கள். மண் காயக் கூடாது. ஆனால் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

பூக்கும் முன் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும், இலையும் இளசாகக் கிடைக்கும். எண்ணெய் காய்ச்சுவதற்கு மட்டும் நன்கு முற்றிய செடியை எடுக்கலாம்.