பத்து மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி

அன்புள்ள கயலுக்கு,

டிஜிட்டலாக்க வந்த பீட்டாகாம் கேசட்டுகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். படத்துக்கு முன்னால் வண்ணப்பட்டையும் 'கூ' என்ற ஓசையும் எதற்கு? டைம்கோடு ஏன் 10 மணியை ஒட்டியே ஓடுகிறது? எடிட்டிங் மென்பொருளிலிருந்து மாஸ்டர் டேப் எப்படி உருவாகும் என்று சொன்னால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் அந்த 10 மணி. நிகழ்ச்சியின் முதல் பிரேம் சரியாக 10:00:00:00-இல் விழ வேண்டும் என்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சி வழக்கம். அமெரிக்காவில் 1 மணி. பூஜ்யத்தில் தொடங்கினால் என்ன? அதற்கு முன் பட்டை முதலியவை வரும் இரண்டு நிமிடம் 23:58-இல் தொடங்கும். டேப்பை ஓட்டும் டெக்குக்கு அது டேப்பின் கடைசிப் பகுதியாகத் தோன்றும். தேடச் சொன்னால் எதிர்த்திசையில் ஓடும்.

வண்ணப்பட்டையும் 1 கிலோஹெர்ட்ஸ் ஓசையும் அடுத்த அறையில் டேப்பைப் போடுகிறவருக்கான அளவுகோல். நிறமும் ஒலியும் எந்த அளவில் பதிவாகின என்பதை அவர் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார். ஐரோப்பிய முறையில் டிஜிட்டல் ஒலிக்கு அந்த ஓசையின் அளவு -18 டெசிபல், அமெரிக்க முறையில் -20. பட்டையை ஒரு அளவிலும் நிகழ்ச்சியை வேறு அளவிலும் பதிந்தால் பட்டை இருந்தும் பயனில்லை. (அப்படிப்பட்ட டேப்கள் உன் கைக்கு நிறைய வரும்.)

பட்டைக்கும் முன்னால் அரை நிமிடமாவது கறுப்பு இருக்கும். அது டெக்கின் தேவை. டேப் ஓடி வேகம் பிடித்து நிலைப்பட சுமார் ஐந்து விநாடி வேண்டும். அதனால் டெக் எடிட் புள்ளிக்குப் பின்னால் போய் நின்று ஓடி வரும். அந்த இடத்தில் டைம்கோடு அறாமல் இருந்தால்தான் புள்ளியைச் சரியாகப் பிடிக்கும்.

இனி வருவதுதான் முக்கியம். டேப்பில் படம், ஒலி, டைம்கோடு தவிர கட்டுப்பாட்டுத் தடம் என்று ஒன்று உண்டு. பிலிமின் ஓரத்துத் துளைகள் செய்யும் வேலையை அது செய்கிறது. அசெம்பிள் முறையில் பதிந்தால் எல்லாமே புதிதாக எழுதப்படும். பதிவு நிற்கும் இடத்தில் அந்தத் தடம் அறுந்துபோகும். இன்சர்ட் முறை தடத்தையும் டைம்கோடையும் தொடாது; கேட்டதை மட்டும் மாற்றும். ஆனால் அவை இரண்டும் ஏற்கெனவே இருக்க, டேப் முழுக்க முன்கூட்டியே கறுப்பு பதிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு, கறுப்படிக்க ஒரு மணி, பதிய ஒரு மணி, போட்டுப் பார்க்க ஒரு மணி. இந்த முதல் ஒரு மணியை மிச்சம் பிடிக்கத்தான் பலர் அசெம்பிளில் பதிந்தார்கள். அது தப்பில்லை. பிறகு நடுவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் அசெம்பிளையே பயன்படுத்துவதுதான் தப்பு. திருத்தம் முடியும் இடத்தில் படம் உடைந்து துள்ளும். உன்னிடம் 23-ஆம் நிமிடத்தில் துள்ளும் கேசட்டில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

பீட்டாகாம் எஸ்பியில் இன்னொரு நுணுக்கம்: 1, 2 ஒலித் தடங்களைத் தனியே மாற்றலாம். 3, 4 படத்தோடு சேர்ந்தே பதிவாவதால் தனியே தொட முடியாது. 1993-இல் வந்த டிஜிட்டல் பீட்டாகாமில் நான்கையும் தனித்தனியே மாற்றலாம்.

மென்பொருள் பக்கம் வேலை குறைவு. பழைய பைனல் கட் புரோவில் 'பிரிண்ட் டு வீடியோ' என்பது படத்தை ஓடவிடும், டெக்கில் பதிவை நாம்தான் தொடங்க வேண்டும். 'எடிட் டு டேப்' ஆர்எஸ்-422 கேபிள் வழியே டெக்கைத் தானே ஓட்டி, சொன்ன பிரேமில் பதியும். ஆவிட்டில் இதற்கு 'டிஜிட்டல் கட்' என்று பெயர். எல்லாவற்றையும் ரெண்டர் செய்துவிட்டு, பிரேம் தவறினால் பதிவை நிறுத்தும்படி அமைத்துவிட வேண்டும். இல்லையேல் தவறிய பிரேம் யார் கண்ணிலும் படாமல் ஒளிபரப்பு வரை போகும். முதலில் சில விநாடி சோதனைப் பதிவு. முதல் பிரேம் ஒன்றிரண்டு தள்ளி விழுந்தால் அந்த வித்தியாசத்தை மென்பொருளில் ஈடுகட்டலாம்.

2011-இல் வந்த பைனல் கட் எக்ஸில் டேப்புக்குப் பதியும் வசதியே இல்லை. பீட்டாகாம் கேசட்டும் வழக்கொழிந்துவிட்டது. ஆகவே உன் மேசைக்கு வரும் கேசட் கெட்டுப்போனால் அதைப் புதிதாக எடுப்பது இனி எளிதல்ல. டெக்கில் போடும் முன் பதிவுத் தடுப்பு போட்டிருக்கிறதா என்று பார். லேபிளைக் கேசட்டிலும் ஒட்டு, பெட்டியிலும் ஒட்டு, பெட்டிகள் மாறிப்போகும்.

அன்புடன்,
மாமா